ஆயிரத்து நூற்று நாற்பத்தாறரை

பெக் பிராண்ட்மேயர் உட்காரவில்லை. கோட்டில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டிவிடாமல், கையிலிருந்த காகிதத்தை வெர்னா டீல்கேயின் மேசையில் போட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷெரிஃப் ஆபீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். பத்தொம்பது வருஷம் எங்க ஆலையோட சரக்கு ஸ்டோரைப் பார்த்துக்கிட்ட பொம்பளை மேல. அவதான் திருடினாளா இல்லையான்னு அதுக்குள்ள எனக்கு யாராவது சொல்லணும்."

வெர்னாவின் அலுவலகம் ஒரு பௌலிங் கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே கட்டைகள் சரிந்து விழும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் அதிர்ந்தது. வெர்னா அதற்குப் பழகியவள். முப்பது ஆண்டுகள் ஆலை ஆலையாகப் போய்ச் சரக்கு எண்ணிச் சரிபார்த்தவள். அறுபத்தொரு வயதில், கம்ப்யூட்டர் சொல்வதும் அலமாரித் தட்டில் இருப்பதும் ஒத்துவராத இடங்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளன் கர்ட் ஹால்வர்சனுக்கு நாற்பத்தொன்று. ஆலைகளுக்கான சாஃப்ட்வேரை ஆறு ஆண்டுகள் விற்றவன். எந்தச் சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனால்தான் வெர்னா அவனை வேலைக்கு வைத்திருந்தாள்.

"முதல்ல உட்காருங்க. என்ன காணோம்?" என்றாள் வெர்னா.

பெக் சொன்னாள். அவளுடைய தாத்தா ஆரம்பித்த ஆலை. பால் பண்ணைத் தொட்டிகளுக்கு வால்வு செய்கிறார்கள். அதற்கான எவர்சில்வர் வார்ப்பு, கையகலத்தில், நாலு பவுண்டு எடையில், வெளியிலிருந்து வருகிறது. அதை நடுவில் அறுத்தால் இரண்டு வால்வுக்கு ஆகும். அறுத்த கையோடு இரண்டு துண்டும் கடைசல் மெஷினுக்குப் போய்விடும். போன வாரம் ஒரு பெரிய பால் நிறுவனத்தின் ஆர்டரைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் ஆயிரத்துக்கு மேல் வார்ப்பு இருப்பதாகச் சொன்னது. எடுக்கப் போனவன் பார்த்தது நாற்பத்தொன்று.

கர்ட் காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தான். "வாரம் 48. எண்ணியவர் எல். புகோவெக். கம்ப்யூட்டரில் 1,146.5. எண்ணிப் பார்த்தது 1,146.5. வித்தியாசம் இல்லை. அடுத்தது வாரம் 49. எண்ணிப் பார்த்தது 41." நிமிர்ந்தான். "ஒரே வாரத்துல ஆயிரத்து நூத்தி அஞ்சு வார்ப்பு! நாலாயிரத்து நானூறு பவுண்டு! இதைத் தூக்க லாரி வேணுமே."

"அந்த லூவான் புகோவெக்கோட புருஷன் டுவேன் கிட்ட பிக்கப் வண்டி இருக்கு. சனி ஞாயிறுல பழைய இரும்பு ஏத்தி விக்கறான். லூவான் கிட்ட ஸ்டோர் சாவி இருக்கு. மேனேஜர் டாட் ரிங்கல்மன் சொல்றாரு, இதுக்கு மேல என்ன யோசிக்கணும்னு."

"நீங்க அந்தத் தட்டைப் போய்ப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கு? எனக்குத்தான் எல்லாம் திரையிலேயே வந்துடுதே."

வெர்னா காப்பிக் குடுவையின் மூடியைத் திருகி மூடினாள். கிளம்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

*

ஆலையின் வாசலிலேயே டாட் ரிங்கல்மன் நின்றிருந்தார். சட்டை மடிப்புக் கலையாதவர். இந்த ஜனவரியில்தான் பாலைவன நகரமான ஃபீனிக்ஸிலிருந்து வந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை: எண்ணிக்கைத் துல்லியம் 99.6 சதவீதம். பழுதில்லாத உற்பத்தி 98.9 சதவீதம். தவறாமல் எண்ணிய வாரங்கள் 48.

"நான் வரும்போது இந்த இடம் குப்பை. வாரா வாரம் எண்ணணும்னு நான்தான் கொண்டுவந்தேன். ஒரு திங்கட்கிழமை விட்டதில்லை. அப்படி நம்பி விட்ட பொம்பளை..." உச்சுக் கொட்டினார். "விடுங்க. மனுஷங்களைத் திருத்த சாஃப்ட்வேர் வரலை."

ஸ்டோரில் ஆள் இல்லை. வார்ப்புகளின் தட்டு மேலே, ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில் இருந்தது. வெர்னா ஏறினாள். தட்டின் பின்பாதியில் விரலை வைத்து இழுத்து, கீழே நின்ற கர்ட்டிடம் காட்டினாள். விரல் நுனியில் சாம்பல் நிறத் தூசி, பஞ்சுபோல.

"போன மாசம் இங்க ஆயிரம் வார்ப்பு இருந்துச்சாம். தூசியைத் தொடாமலே எடுத்திருக்காங்க போல. அந்த ஸ்கேனரை எடுங்க, கர்ட்."

எண்ணுவதற்கான கைக்கருவி மேசையில் கிடந்தது. கர்ட் அதைத் திருப்பினான். அடியில் பழுப்பேறிய டேப். அதன்மேல் பேனாவில் லூவானின் பெயரும் கடவுச்சொல்லும்.

"எல்லாரும் இந்தக் கணக்குலதான் நுழையறாங்களா?" என்றான்.

"வேற எதுல?" என்றார் டாட். "ஆளுக்கு ஒரு கணக்கு வாங்கினா ஆளுக்கு ஒரு கட்டணம்."

கர்ட் ஒரு ரப்பர் வளையப் பெட்டியை நோக்கிக் கருவியை நீட்டினான். திரையில் வந்தது: 3,200. சரியா? ஆம், இல்லை.

அவனுக்குக் காது மடல் சூடேறியது. எண்ணுவதற்கு முன்பே விடையைக் காட்டிவிட்டு, சரியா என்று கேட்கிற திரை. இதை அவன் விற்றிருக்கிறான். 'ஒரே விரலில் எண்ணி முடிக்கலாம்' என்று ஓட்டல் அறைகளில் மூன்று மாநிலத்து முதலாளிகளுக்குச் செய்து காட்டியிருக்கிறான். கைதட்டினார்கள்.

"அந்த 48-ஆம் வாரத்தைத் திறந்து பாருங்க, என்னைக்கு எண்ணினதுன்னு," என்றாள் வெர்னா. கர்ட் இரண்டு இடத்தில் அழுத்தினான். நவம்பர் 24, திங்கள், காலை 10.12. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அறுக்கும் பகுதிக்குப் போகும் வழியில் சாப்பாட்டு அறை. மைக்ரோவேவ் பக்கத்தில் மான் கொம்பு படம் போட்ட ஒரு காகிதம், ஆணியில் தொங்கியது. 'வடக்கே போறவங்க' என்ற தலைப்புக்குக் கீழே பென்சிலில் முதலெழுத்துகள். கர்ட் அதைத் தாண்டிப் போய்விட்டான். வெர்னா ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள்.

*

அறுக்கும் மெஷினில் கேரி வோய்ட் இருந்தான். ஐம்பது தாண்டியவன், வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி, கன்னத்தில் அடக்கிய புகையிலை. வெர்னாவின் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னான்.

"பின்னாடி இருக்கற அந்த உலோகச் சீவல் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருதரம் எடுக்கறாங்க?"

"மூணு வாரம்."

"முன்னாடி?"

கேரி புகையிலை எச்சிலை ஒரு காப்பிக் கோப்பையில் துப்பினான். "ஆறு வாரம்."

"வால்வு அதிகமா பண்றீங்களா?"

"இல்லை."

வெர்னா கர்ட்டைப் பார்த்தாள். கர்ட் தொட்டியைப் பார்த்தான். பின்கதவுக்கு வெளியே, ஆளுயரத்தில், உலோகச் சுருள்கள் குவிந்த இரும்புத் தொட்டி. அறுக்கும்போது ஊற்றுகிற பால்நிறத் தண்ணீர் அதன் அடியில் தேங்கி அழுகி, அந்தக் குளிரிலும் செத்த மீன் வாடை அடித்தது.

"கையுறை இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. ஓட்டை," என்றான் கேரி.

கர்ட் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை கையை விட்டான். சுருள்கள் கீறின. குழகுழவென்று ஏதோ விரலிடுக்கில் ஏறியது. பாதி தின்ற சாண்ட்விச் ஒன்று வந்தது. யாரோ துப்பிய எச்சில் கோப்பை ஒன்று மணிக்கட்டில் கவிழ்ந்தது. அடுத்த முறை விட்டபோது கனமாக ஒன்று கையில் அகப்பட்டது. இழுத்து வெளியே போட்டான்.

ஒரு வார்ப்பு. முழுசு. அறுக்காதது. பக்கவாட்டில் குண்டூசி முனையளவு துளைகள், அம்மை வடு போல.

இன்னும் இரண்டு எடுத்தான். அவற்றிலும் துளை.

"இது எத்தனை இருக்கு உள்ள?" என்றாள் வெர்னா.

கேரி மெஷினைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கென்ன தெரியும்? நான் அறுக்கறவன். எண்ணறவன் இல்லை."

"வந்த வார்ப்பு பழுதுன்னா கம்ப்யூட்டர்ல போடணுமே. பழுதுன்னு ஒரு இடம் இருக்குமே."

"இருந்துச்சு," என்றான். மெஷினை ஓட்டத் தொடங்கினான்.

*

லூவான் புகோவெக்கின் வீடு ஊருக்கு வெளியே. கதவைத் திறந்தவள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். கர்ட்டின் சட்டையிலிருந்து வந்த நாற்றத்தில் ஓர் அடி பின்வாங்கினாள்.

"நீங்க அந்தத் தொட்டியில விழுந்தீங்களா?"

"கையை விட்டேன்."

"அப்போ நீங்க அவங்க ஆள் இல்லை. வாங்க. அவங்க யாரும் அதுல கையை விட மாட்டாங்க."

சமையலறையில் உட்காரவைத்தாள். மான் இறைச்சி சாசேஜை வெட்டிப் பிஸ்கெட்டோடு வைத்தாள். கர்ட் கையை மூன்று முறை கழுவினான். நாற்றம் போகவில்லை, சாசேஜைத் தொட மனம் வரவில்லை.

"உங்க மேல என்ன குற்றம்னு சொன்னாங்க?" என்றாள் வெர்னா.

"வார்ப்பு காணோம், சாவி உன்கிட்ட இருக்கு, வீட்டுக்குப் போ. அவ்வளவுதான். ஒரு தாளைக்கூட காட்டலை. பத்தொம்பது வருஷம்! தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சு போச்சு. சர்ச்சுல போன ஞாயித்துக்கிழமை பக்கத்து சீட்ல ஒருத்தி உட்காரலை. டுவேன் வண்டியை எடுக்கவே வெட்கப்படறாரு."

"வாரா வாரம் நீங்கதான் எண்ணுவீங்களா?"

லூவான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்ல மாட்டேன். இருநூறு தட்டு. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும். அந்தக் கருவியே நம்பரைக் காட்டுது. கீழ்த்தட்டை எல்லாம் எண்ணுவேன். மேல்தட்டுக்கு... 'ஆம்' அமுக்கிட்டுப் போயிடுவேன். வசந்தகாலத்துல இருந்தே அப்படித்தான். திருடலை. ஆனா ஏணியிலயும் ஏறலை."

கர்ட்டுக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது. அது தன்மேல் வந்த எரிச்சலின் மிச்சம் என்று தெரிந்தும் வந்தது.

வெர்னா குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தத்தில் ஒரு புகைப்படம்: மரங்களுக்கு நடுவில் எட்டுக் கிளைக் கொம்பு மானோடு லூவான். அதன் கீழே ஒரு ரசீது, வடக்கே ப்ரைஸ் கவுண்டியில் மான் வெட்டித் தரும் ஒரு கசாப்புக் கடையுடையது. நூற்று அறுபத்திரண்டு பவுண்டு. எல். புகோவெக் நேரில் ஒப்படைத்தது. நவம்பர் 24, திங்கள், காலை 9.50.

கர்ட் எழுந்து நின்றுவிட்டான். குறிப்பேட்டைப் புரட்டினான். "இங்கிருந்து அது நாலு மணி நேரம்! வெர்னா, அன்னைக்குக் காலையில பத்து பன்னெண்டுக்கு எண்ணினதா..."

"இதைக் கொஞ்சம் கடன் தர்றீங்களா, லூவான்? நாளைக்கு ஒரு மணிக்கு ஆலைக்கு வாங்க."

"என் முகத்துல முழிக்க அவங்களுக்கு வெட்கமா இருக்காது?"

"இருக்கும்," என்றாள் வெர்னா.

*

மறுநாள், வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஸ்டோரில் ஆறு பேர் நின்றார்கள். பெக்கின் கைப்பையில் ஷெரிஃபுக்கான புகார் இருந்தது. டாட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேரி சுவரோரம். லூவான் கதவருகே, கோட்டைக் கழற்றாமல். கர்ட் தொட்டியிலிருந்து எடுத்த மூன்று வார்ப்புகளையும் மேசைமேல் வைத்தான்.

"ஒரு கேள்வி, டாட்," என்றாள் வெர்னா. "நவம்பர் 24. அந்தத் திங்கட்கிழமை மெஷினெல்லாம் நிறுத்தியிருந்தாங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. லூவானைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. ஸ்கேனரை வெச்சுக்கிட்டு அந்த ஏணியில நின்னா. மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

"நல்லாத் தெரியுமா?"

"ஷெரிஃப் கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

வெர்னா பெக்கிடம் திரும்பினாள். "உங்க காகிதத்துல என்ன நம்பர்?"

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறரை."

"அந்த அரை எங்கே?"

பெக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்ப்புல ரெண்டு வால்வு. ஒரு வால்வு முடிஞ்சதுன்னு பதிஞ்சா கம்ப்யூட்டர் தானா அரை வார்ப்பைக் கழிச்சுக்கும். அதனால கம்ப்யூட்டர்ல அரை வரும். அது தப்பில்லை. ஆனா தட்டுல? கேரி, தட்டுல அரை வார்ப்பு எப்பவாவது இருந்திருக்கா?"

"ஒருநாளும் இல்லை. அறுத்தா ரெண்டு துண்டும் மெஷினுக்குப் போயிடும்."

"கண்ணால எண்ணறவங்களுக்கு அரை வராது. இந்த நம்பரைப் போட்டவர் தட்டைப் பார்க்கலை. திரையைப் பார்த்து 'ஆம்' அமுக்கினார். நேத்து கர்ட் இதை என் முன்னாடி வாய்விட்டுப் படிச்சாரு. படிச்சுட்டு, அரையை விட்டுட்டுக் கழிச்சாரு."

கர்ட் தரையைப் பார்த்தான்.

"அப்படின்னா அவதான் எண்ணாம அமுக்கினா!" என்றார் டாட். "நான் சொன்னதுக்கு இன்னும் பலம்தான்."

"மத்த வாரங்கள்ல அவங்க அமுக்கியிருக்காங்க. அவங்களே சொன்னாங்க. இந்த வாரம் இல்லை." வெர்னா ரசீதை மேசைமேல் வைத்தாள். "அந்த நேரத்துல அவங்க ப்ரைஸ் கவுண்டியில ஒரு கசாப்புக் கடை வாசல்ல, நூத்தி அறுபத்திரண்டு பவுண்டு மானோட நின்னுக்கிட்டிருந்தாங்க. கேரி, நீங்க அன்னைக்கு எங்க?"

"மரத்து மேல, மானுக்குக் காத்துக்கிட்டு." கேரி முதன்முறையாகச் சிரித்தான், சந்தோஷமில்லாமல். "மான் வேட்டைப் பருவம் தொடங்கின முதல் திங்கட்கிழமை. எங்க ஆளுங்க யாரு இங்க இருப்பாங்க?"

"அதேதான். இந்த ஊர்க்காரன் எவனும், திருடறவனா இருந்தாலும், அந்த நாள்ல லூவான் பேர்ல ஒரு எண்ணிக்கையைப் போட மாட்டான். சாப்பாட்டு அறையில வேட்டைக்குப் போறவங்க பேர் பென்சில்ல எழுதித் தொங்குது. ஆனா அந்த லீவு கம்ப்யூட்டருக்குப் போகாது, இல்லையா பெக்?"

"அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்," என்றாள் பெக் மெதுவாக. "மூணு நாள் சம்பளத்தோட விடுவோம், கம்ப்யூட்டர்ல எப்பவும்போல வேலை நாள்னே விழும். யாரு போறாங்கன்னு நான் பார்க்கறதுகூட இல்லை."

"இல்லை, இருங்க," டாட்டின் குரல் உயர்ந்தது. "அவ வந்திருந்தா! சிஸ்டத்துல இருக்கு, எட்டு மணி நேரம்! நான் பார்த்துட்டுத்தானே..."

நிறுத்திக்கொண்டார்.

"ஆமா," என்றாள் வெர்னா. "சிஸ்டத்துல இருக்காங்க."

காற்றழுத்த மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது.

"நாப்பத்தேழு வாரம் தவறாம எண்ணியிருக்கு. பலகையில நாப்பத்தெட்டு போடணும். அன்னைக்குக் காலையில எண்ணிக்கை வரலை. லூவான் வேலையில இருக்கறதா திரை சொல்லுது. கடவுச்சொல் கருவிக்கு அடியிலேயே ஒட்டியிருக்கு. அவங்க பேர்ல நுழைஞ்சு நீங்களே 'ஆம்' அமுக்கிட்டீங்க, டாட். அதுவரைக்கும் அது ஒரு சின்னப் பொய். ஒரு வாரம் கழிச்சு தட்டு காலின்னு தெரிஞ்சப்போ அந்தச் சின்னப் பொய் உங்களுக்கு வசதியாப் போச்சு. எண்ணினப்போ இருந்துச்சு, எடுக்கப் போனப்போ இல்லை, நடுவுல சாவி யார் கிட்ட? 48-ஆம் வாரம்னா எந்த நாள்னு ஒருத்தரும் நாள்காட்டியைப் பார்க்கலை."

"அப்போ வார்ப்பெல்லாம் எங்க?" என்றாள் பெக்.

வெர்னா பதில் சொல்லாமல் கேரியைப் பார்த்தாள். கேரி தொப்பியைக் கழற்றினான்.

"மார்ச்சுல இருந்து வர்ற வார்ப்புல பாதி ஓட்டை. பழுதுன்னு பதிஞ்சேன். பலகையில நம்பர் இறங்குச்சு. டாட் வந்து, அந்தப் பொத்தானைத் தொடாதே, நல்லதை மட்டும் பதிஞ்சா போதும்னாரு. ஓட்டையெல்லாம் தொட்டிக்குப் போச்சு. கம்ப்யூட்டருக்கு அது இன்னும் தட்டுல இருக்கு. அந்த நம்பருக்காக எங்களுக்கு மாசம் ஒருநாள் பீட்ஸா வாங்கிக் கொடுத்தாரு."

"பீட்ஸா," என்றாள் லூவான். அதுதான் அவள் அன்று பேசிய முதல் வார்த்தை. "கேரி, நீ என் கல்யாணத்துல ஆடினவன்டா. என்னைத் திருடின்னு அனுப்பினப்போ அந்த மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தியே. உனக்கு எல்லாம் தெரியும்."

"ரெண்டு வருஷத்துல ஓய்வு, லூ..."

"பேரைச் சொல்லாதே."

டாட் மேசையிலிருந்த ஒரு வார்ப்பைத் தொடப் போனார். அதன் மேலிருந்த கசடைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். கர்ட்டுக்கு இரண்டு நாளில் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது அந்தக் கை இழுத்துக்கொண்டதுதான்.

"சாவியை வெச்சுட்டுப் போங்க, டாட்," என்றாள் பெக். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வெச்சுட்டுப் போங்க."

அவர் போன பிறகு பெக் கைப்பையிலிருந்து புகாரை எடுத்து நாலாகக் கிழித்தாள். லூவானின் முன்னால் போய் நின்றாள். "திங்கட்கிழமை வருவியா?"

"திருடி இல்லைன்னு யார் சொல்லுவா? சர்ச்சுல?"

"நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை. எழுந்து நின்னு."

லூவான் மேசையிலிருந்த ஸ்கேனரை எடுத்து, அடியிலிருந்த டேப்பை நகத்தால் உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். "எனக்குன்னு ஒரு கணக்கு வேணும். வேற யாரும் நுழையாத கணக்கு. அந்த நம்பர் முன்கூட்டித் தெரியக்கூடாது."

பெக் கர்ட்டைப் பார்த்தாள்.

"மறைக்கலாம்," என்றான் கர்ட். "அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. எப்பவுமே இருந்துச்சு." விற்ற ஆறு ஆண்டுகளில் ஒருவருக்கும் அதைக் காட்டியதில்லை என்பதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கருவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதை அழுத்தினான். திரையில் எண் இருந்த இடம் வெறும் கட்டமானது.

லூவான் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினாள். ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வார்ப்பையும் கையால் தொட்டு, உரக்க எண்ணினாள். பாதியில் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, துளை இருந்ததால் கர்ட்டிடம் கீழே கொடுத்தாள். அவன் நாறும் கையால் வாங்கிக்கொண்டான்.

"நாப்பது," என்றாள் லூவான் கடைசியில். "பழுது ஒண்ணு."

பெக் வாசலுக்குப் போய், வெள்ளைப் பலகையில் எண்ணிக்கைத் துல்லியம் என்று இருந்த 99.6-ஐக் கோட்டுக் கையாலேயே அழித்தாள்.